ஊன ஓய்வூதிய மேல்முறையீடு (இந்தியப் படைகள்)

ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் படைவீரர் முதலில் படைத்துறையின் மேல்முறையீட்டுக் குழுக்களிடம் முறையிடுவார். அங்கும் கைவிரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 2009இல் செயல்படத் தொடங்கிய இதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. அதனால் சென்னைப் புளியந்தோப்புக்காரர் டெல்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. முன்னாள் நீதிபதி ஒருவரும் முன்னாள் படை உயரதிகாரி ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள்.

வழக்கின் முடிச்சு பெரும்பாலும் ஒன்றே: நோய் பணியால் வந்ததா, இல்லையா? படையின் மருத்துவ வாரியமோ 'தொடர்பில்லை' என ஒற்றை வரியில் முடித்துவிடும்.

வலிப்பு நோயால் 1994இல் வெளியேற்றப்பட்ட படைவீரர் தரம்வீர் சிங்கின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றியது. பணியில் சேரும்போது பதிவாகாத நோய், பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். மறுப்பதானால் காரணத்தோடு நிறுவ வேண்டியது அரசு.

ஆனால் 2023 செப்டம்பர் 21க்குப் பின் ஓய்வுபெறுவோருக்கு விதிகள் வேறு, இறுக்கமானவை.