பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பிலடெல்பியா நகரில், 1827-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், புஷ்பங்களிலும் கனிவகைகளிலும் பிரியம் கொண்ட கனவான்கள் சிலர் கூடி ஸ்தாபித்தது இச்சங்கம். 1829-இல் செஸ்ட்நட் வீதியின் மேசானிக் மண்டபத்தில் அது நடத்திய முதற் கண்காட்சியில், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு செடி பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அங்கே அமெரிக்க ஸ்தானிகராயிருந்த ஜோயல் பாயின்செட்டின் பெயரால் பாயின்செட்டியா என்று வழங்கும் அதுவே, இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் உலகெங்கும் விற்பனையாகிறது.

சங்கத்தின் மெய்யான பெருமை இந்தக் கண்காட்சியோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் நகரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, 1950-இல் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை குறையத் தொடங்கி (2000-இல் அது ஏறக்குறைய பதினைந்து லட்சமாயிற்று), கைவிடப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் குப்பையும் முட்புதரும் மண்டியபோது, 1974-இல் சங்கம் 'பிலடெல்பியா கிரீன்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏழை மக்கள் வாழும் தெருக்களில் அவர்களே காய்கறி பயிரிடுவதற்கு உதவி புரியலாயிற்று. சங்கத்தின் கண்காட்சிகளில் கிட்டும் வருமானத்தின் ஒரு பகுதி இத்தகைய பணிகளுக்குச் சென்றது என்பது விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. செல்வந்தர் கண்டு களித்த மலர்கள் வறியவர் தெருவுக்கும் பயன்பட்டன.

பின்னர் உருவான தரிசுமனைப் பராமரிப்பு முறை மிக எளியது: குப்பையை அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, சுற்றிலும் தாழ்ந்த மரவேலி அமைத்து, பின்பு பருவந்தோறும் புல்லை வெட்டிவருதல். இந்த எளிய காரியத்தின் பலனை 541 மனைகளில் சோதித்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கிக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன என்று கண்டது. போலீஸ் பலமின்றிப் புல்லும் வேலியுமே இதனைச் சாதித்தது, நகர நிர்வாகிகள் யாவரும் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய விஷயம். சிறையிலிருந்து விடுதலையானோருக்கும் இம்மனைகளைப் பராமரிக்கும் பணியில் வேலை தரப்படுகிறது.

இம்மனைகளுட் பல தனியாருக்குச் சொந்தமானவை. நிலத்தின் விலை ஏறினால் மரங்கள் நின்ற இடத்தில் கட்டடம் எழுவதைச் சங்கத்தால் தடுக்க இயலாது. ஆகவே, அக்கம்பக்கத்தார் நெடுங்காலமாகப் பயிரிட்டுவரும் தோட்டங்களையேனும் விற்பனையினின்று காக்கும்பொருட்டு, சங்கத்தோடு இணைந்த நில அறக்கட்டளையொன்று அவற்றை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ பாதுகாத்து வருகிறது.