கூரைமேல் நடைபலகை

சிறுவர் விளையாட்டென்று பலரும் ஒதுக்கிவிடும் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அமெரிக்க நாட்டிலே மாதிரிப் புகையிரதம் அமைப்போருட் சிலர், எஞ்சினிலும் பார்க்கச் சரக்குப் பெட்டிகள்மீதே தீராத பித்துக் கொண்டவர்கள்.

அந்தப் பித்துக்கு ஒரு பழங்கதையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், நியூயோர்க் நகரில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், கடைச் சாளரத்தில் விளம்பரத்துக்கென மின்விசையால் ஓடும் மரத்தாலான திறந்த சரக்கு வண்டியொன்றைச் செய்தார். வந்தவர்களோ கடைப்பொருளை விட்டு வண்டியை விலைகேட்டனர் என்பர். லயனல் என்ற பெயர்பெற்ற விளையாட்டுப் புகையிரத நிறுவனம் அவ்வாறு வளர்ந்தது.

விளையாட்டு நுண்கலையானது 1930களிலேதான். 1934இல் மில்வாக்கி நகரில் இதற்கென ஒரு சஞ்சிகை தோன்றியது. மறு ஆண்டு அங்கேயே தேசியச் சங்கமும் அமைந்தது. உண்மையின் 87இல் ஒரு பங்கென்ற அளவு பெருவழக்காயிற்று. 40 அடிப் பெட்டி 5½ அங்குலத்துள் அடங்கிவிட்டது.

தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்வார். 1948 என்றால், கூரையின் நடுவே நீண்ட நடைபலகை இருந்தே தீரவேண்டும். ஏன்? முற்காலத்தில், ஓடும் வண்டியின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவிச் சென்று, கைச்சக்கரத்தைத் திருப்பியே பிறேக் போட்டனர். மழையிலும் பனியிலும் வழுக்கி மாண்டவர் பலர். பெட்டிகளைக் கொளுவுகையில் விரலிழந்தவரும் பலர். அயோவாவைச் சேர்ந்த லோரென்சோ கொபின் இக்கொடுமையை எதிர்த்து ஆண்டுக்கணக்காய் வாதாடினார். 1893இல் சட்டம் பிறந்தது. எஞ்சின் சாரதியே இயக்கும் பிறேக்கும், தாமாகப் பொருந்தும் கொளுவிகளும், கைப்பிடிக் கம்பிகளும் கட்டாயமாயின. எனினும் நடைபலகை உடனே மறைந்துவிடவில்லை. புதிய பெட்டிகளில் அது கைவிடப்பட்டது 1966இலேதான். பழைய பெட்டிகளிலிருந்து மெல்ல மெல்லவே அகற்றப்பட்டது. எனவே 1975ஆம் ஆண்டைத் தெரிந்தவர் பலகையைப் பெயர்த்து, ஏணியின் மேற்படிகளையும் அறுத்துவிடுகிறார். பெட்டியின் பக்கத்தில் எடையும் அதனை நிறுத்த திகதியும் பொறித்திருக்கும். ஆண்டுக்கு ஒவ்வாவிடில் அதையும் சுரண்டி மாற்றுவர். வீட்டார் நகைப்பது இயல்பே!

புழுதியும் துருவும் படிந்த தோற்றத்தைக் கொடுப்பதிலே கலிபோர்னியாவின் மொன்ரறேயில் வாழ்ந்த ஜோன் அலன் வழிகாட்டியாயிருந்தார். 1973 சனவரியில் அவர் மறைந்தார். சில தினங்களுள் தீ மூண்டு, அவர் பல்லாண்டுகள் உழைத்தமைத்த மாதிரிப் பாதை பெரும்பாலும் அழிந்தது.

வாங்கிய பிளாஸ்ரிக் பெட்டியில் கைப்பிடிகள் சுவரோடு ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். அவற்றைக் கூரிய அலகாற் சீவியெறிந்து, மயிரிழைபோன்ற கம்பியை வளைத்து, நுண்துளையிட்டுப் பொருத்துவர். கம்பிக்கும் சுவருக்கும் இடையே சிறு வெளியொன்று தெரியவேண்டும். ஓர் ஊழியனின் விரல்கள் நுழையவேண்டிய இடம் அது.