கண்ணாடியில் தெரிந்த முகம்



பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் கிரேக்க நாகரிகம் நடத்தும்போது ஆர்ஃபியூஸ் கதை சொன்னேன். இறந்த மனைவி யூரிடிஸியை மீட்கப் பாதாள உலகம் போகிறான். மேலே வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான், அவளை இழந்துவிடுகிறான். "தெரிஞ்சும் ஏன் சார் பார்த்தான்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மணி அடித்தது, நான் தப்பித்துக்கொண்டேன்.

சென்ற வாரம் பேரன் உதவியோடு ழான் கொக்தோ இயக்கிய 'ஆர்ஃபே' (1950) என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். அதே கதைதான், ஆனால் கொக்தோ அதைத் தன் காலத்துப் பிரான்சில் வைத்திருக்கிறார். கவிஞனாக ழான் மாரே. கறுப்பு உடையில் மரணமாக வருபவர் மரியா கஸாரெஸ்.

மரண உலகத்துக்கு நிலைக்கண்ணாடிதான் வாசல். கையுறை அணிந்த கைகள் தொட்டதும் கண்ணாடி அலையாடி அவற்றை விழுங்குகிறது. ஒரு தொட்டியில் பாதரசம் நிரப்பி அதை எடுத்தார்கள். தண்ணீர் என்றால் உள்ளே போன கை தெரிந்துவிடும். பாதரசம் பிம்பத்தைக் காட்டும், கையை மறைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடிந்த சுவர்கள். அவை செட் அல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த சேன்-சீர் ராணுவப் பள்ளி. கார் வானொலியில் புரியாத வாக்கியங்கள் வருகின்றன. பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, எதிர்ப்புப் படையினருக்கு லண்டன் பிபிசி ஒலிபரப்பிய சங்கேதச் செய்திகளின் சாயல் அது. பாரிஸ் விடுதலையானது 1944இல்; படம் வந்தது ஆறே ஆண்டில். அன்று பார்த்தவர்களுக்கு அது பழங்கதையாகவா இருந்திருக்கும்?

படத்தில் நிபந்தனை இன்னும் கடுமை: மனைவியை இனி எப்போதுமே பார்க்கக் கூடாது. நிற்கும் காரில் அவன் முன்னால், அவள் பின்னால். அவன் திரும்பவில்லை. கண்ணை உயர்த்துகிறான், எதிரே உள்ள சிறு கண்ணாடியில் அவள் முகம். உடனே மறைந்துவிடுகிறாள்.

உங்கள் டீச்சரம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. பார்த்தால் தாங்காது என்று அவள் படத்தை என் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தேன். ஆனால் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவள்தான் தெரிகிறாள்.

அன்று கேள்வி கேட்ட பெண்ணே, இதைப் படித்தால் உனக்கான பதில் இதுதான் அம்மா: முன்னால் பார்த்தாலும் தெரிந்துவிடுகிறது. நேற்று படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்