பச்சை உப்பின் ஜாதகம்

சிவகாசியில் பேரியம் நைட்ரேட்டுக்குப் பச்சை உப்பு என்று பெயர். பார்க்க வெள்ளைத் தூள். குளோரினோடு சேர்ந்து எரியும்போதுதான் பச்சை. இதையும் அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் பசையில் குழைத்து, சட்டத்தில் வரிசையாகக் கோத்த கம்பிகளை அதில் முக்கி வெயிலில் காயவைத்தால் கம்பி மத்தாப்பு. கலவை எரிய ஆக்சிஜன் கொடுப்பதும் இந்த உப்புதான்.

உப்புக்கு முந்தைய பிறவி பேரைட் என்னும் கல். இந்தியாவின் பேரைட்டில் பெரும்பகுதி ஆந்திரத்து மங்கம்பேட்டையில் கிடக்கிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். கரித்தூளோடு சுட்டு, நீரில் கரைத்து, கார்பனேட்டாக்கி, நைட்ரிக் அமிலம் சேர்த்தால் பச்சை உப்பு.

கல்லுக்கு முந்தைய பிறவி வானத்தில். 460 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியன் திரண்ட வாயுவிலேயே பேரியம் கலந்திருந்தது. அதில் பெரும்பங்கைப் பெற்றெடுத்தவை கிழடுதட்டிய செம்பெரு விண்மீன்கள். அவற்றின் வயிற்றில் இரும்பின் அணுக்கரு ஒவ்வொரு நியூட்ரானாக விழுங்கி, நிதானமாகக் கனத்துப் பேரியமாகிறது. பிறகு விண்மீன் அதை வெளியே ஊதிவிடுகிறது.

இதற்கொரு சாட்சி, சித்திரை, வைகாசி இரவுகளில் சிவகாசியின் தென்வானில் மங்கலான பொட்டாகத் தெரியும் ஒமேகா செண்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கோடி மீன்கள் திரண்ட கோளக் கொத்து. எல்லாம் ஒரே தொலைவில் இருப்பதால் எது பிரகாசம், எது மங்கல் என்று நேராக ஒப்பிடலாம். அங்கே பெரிய புஸ்வாணம்தான் முதலில் அணையும். நிறை கூடிய மீன் எரிபொருளை அவசரமாகத் தீர்த்துவிடும்.

மற்ற கொத்துகளில் மீன்கள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே வயது. இதிலோ பல தலைமுறை. நிறமாலையின் நீலப் பகுதியில் பேரியம் ஒரு கருங்கோடு இழுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அளந்தால், இரும்பு குறைந்த மூத்த மீன்களில் பேரியம் சொற்பம். பின்வந்தவற்றில் இரும்பு கூடியதைவிட வேகமாகப் பேரியம் கூடியிருக்கிறது. முன்னோர் ஊதிய சாம்பலில் பேரர்கள் பிறந்திருக்கிறார்கள்.

பூமியிலோ, 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. அதுவரை ஒரே கம்பியில் இரும்புத் தாயும் பேரியப் பிள்ளையும் சேர்ந்து எரிந்தார்கள். இப்போது சட்டப்படி செய்த மத்தாப்பில் தாய் மட்டும் பொன்பொறியாகத் தெறிக்கிறாள்.