டிராவல் டிரெய்லர்: எந்த வால்வை எப்போ திறக்கணும்?

அமெரிக்கா, கனடாவில் பலரும் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு டூர் போவார்கள். அதுதான் டிராவல் டிரெய்லர். குளிர்காலத்துக்கு முன்னாடி அதிலுள்ள தண்ணீரை வடிக்க மறந்துட்டா பெரிய செலவுதான். உறையும்போது தண்ணீர் சுமார் 9% விரிவடையும். பைப், பம்ப் எல்லாம் விரிசல் விட்டுடும்.

வடிப்பது எப்படி?

முதலில் பம்ப்பையும் ஹீட்டரையும் நிறுத்துங்க. டிரெய்லருக்கு அடியில் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் பைப்புகளுக்குத் தனித்தனி வால்வு இருக்கும். இரண்டையும் திறங்க. உள்ளே சிங்க், ஷவர் குழாய்களையும் திறந்து வச்சாதான் காற்று புகுந்து தண்ணீர் முழுசா இறங்கும். நல்ல தண்ணீர் டேங்க்குக்கும் தனி வால்வு உண்டு. ஹீட்டர் நன்றாக ஆறிய பிறகே அதன் மூடியைக் கழற்றணும். அவசரப்பட்டால் சுடுதண்ணீர் மேலே பீய்ச்சி அடிக்கும்.

கழிவு டேங்க் கவனம்!

டாய்லெட் டேங்க் வால்வு எப்பவும் மூடியே இருக்கட்டும். திறந்தே வச்சா தண்ணீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு உள்ளேயே இறுகிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும், கழிவு கொட்டுவதற்கென இருக்கும் இடத்தில் முதலில் இதைத் திறங்க. அடுத்துதான் சிங்க், ஷவர் டேங்க். அந்த சோப்புத் தண்ணீரே ஹோஸைக் கழுவிவிடும்.

வால்வு இறுகிப்போனால் பலம் காட்டாதீங்க. டேங்க்கைக் காலி செய்ததும் சிலிகான் லூப்ரிகன்ட் போடுங்க. கசிந்தால் ரப்பர் சீலை மாத்திடுங்க.