பழைய பைபர் படகின் உள்தளத்தை நாமே புதுப்பித்தல்

வடக்குக் கரைகளில் இன்று ஓடுகின்ற பைபர் படகுகளில் கணிசமானவை 2004 சுனாமிக்குப் பின்னரும் 2009 இல் போர் முடிந்த பின்னரும் உதவியாகவோ கடனிலோ கிடைத்தவை. சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் பலவற்றில் கனம் போதாது, பலகை தரமில்லை. அப்படியான படகுகளில் முதலில் கெடுவது உள்தளம். ஆள் நிற்கும் இடம், வலை கிடக்கும் இடம், மண்ணெண்ணெய்க் கலன் வைக்கும் இடம் எல்லாம் அதுதான்.

புதுப் படகு வாங்கும் நிலையில் எங்களில் பலர் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்த மாத வருமானமும் அதோடு போகும். இந்த நிலையில், எங்கள் வாடியில் நாங்களே தளம் மாற்றிச் செய்துவரும் முறையை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கிறைண்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் உதவிக்கு ஒருவரும் போதும். மழையில்லாத நான்கைந்து நாட்கள் வேண்டும். மாரி தொடங்க முன்னர், ஆவணி புரட்டாதியில் செய்வது நல்லது.

முதலில் சோதனை

படகைக் கரையேற்றி, நன்னீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். தளத்தில் விரித்திருக்கும் இறப்பர் விரிப்பு, தறப்பாள், சாக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலகை உக்குவதற்கு இந்த விரிப்புகளே பெரிய காரணம். அடியில் சிக்கும் தண்ணீர் காய வழியில்லாமல், ஆணித்துளை வழியாகப் பலகைக்குள் இறங்கும்.

சுத்தியலின் பிடியால் அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். மிதித்தால் அமிழும் இடத்தில் சிறிய துளை போடுங்கள். கறுத்த ஈரத்தூள் வந்தால் பலகை போய்விட்டது. போர்க்காலத்தில் ஷெல் துண்டு பட்டு ஒட்டுப்போட்ட பழைய படகானால் அந்த ஒட்டுகளின் ஓரங்களையும் தட்டிப் பாருங்கள்.

இயந்திரம் பூட்டும் பின்பலகையும் மந்தமாக ஒலித்தால் தளத்தோடு சேர்த்து அதை நீங்களே செய்ய முயல வேண்டாம். அது கடலில் கழன்றால் இயந்திரமும் போகும், ஆளுக்கும் ஆபத்து. படகு கட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எவ்வளவு பொருள் தேவை

4 அடி அகலம், 6 அடி நீளமான தளத்தை எடுத்துக்கொள்வோம். இது 24 சதுர அடி, ஏறக்குறைய 2.2 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடியிழைப் பாயில் ஒரு அடுக்குக்கு 1 கிலோ போகும். பாயின் நிறையைப் போல இரண்டரை மடங்கு றெசின் குடிக்கும். பலகையின் கீழே ஒரு அடுக்கு, மேலே இரண்டு அடுக்கு என மூன்றுக்கும் 3 கிலோ பாய், 7.5 கிலோ றெசின். பக்கங்களில் ஏற்றி ஒட்டவும் பலகைக்குப் பூசவும் சேர்த்து 10 கிலோ றெசின் வாங்குங்கள். பலகை 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட்டாக இருக்கட்டும். சாதாரண பிளைவூட் மலிவென்று போட்டால் சில வருடத்தில் இதே வேலை திரும்ப வரும்.

வெட்டித் திறத்தல்

ஓரத்தில் இரண்டு அங்குலம் விளிம்பு விட்டு வெட்டுங்கள். புதிய பலகை அந்த விளிம்பில்தான் உட்காரும். கீழே உள்ள நீளச் சட்டங்கள் உடைந்திருந்தால் அவற்றை முதலில் கட்டுங்கள். கீழ்த்தண்ணீர் பின்பக்கம் ஓடிவரும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் போம் கையால் பிழிந்தால் தண்ணீர் விடுமானால் எடுத்தாக வேண்டும். நூறு லீற்றர் இடத்திலுள்ள போம் முழுக்க ஊறினால் படகு கிட்டத்தட்ட நூறு கிலோ சும்மா சுமக்கிறது. ஆனால் எடுத்த இடத்தை வெறுமையாக விட்டு மூடக்கூடாது. படகு தண்ணீர் ஏறிக் கவிழும்போது அதை மிதக்க வைப்பது அந்தப் போம்தான். புதுப் போம் வாங்க முடியாவிட்டால் மூடி இறுக்கிய பிளாஸ்ரிக் கலன்களை அசையாமல் அடுக்குங்கள். 20 லீற்றர் கலன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். ரிஜிபோம் வைப்பதானால் அதில் றெசின் படக்கூடாது. பட்டால் கரைந்துவிடும், பெற்றோல் பட்டாலும் அப்படித்தான்.

றெசின் கலத்தல்

எங்கள் வெக்கைக்கு 1 கிலோ றெசினுக்கு 10 மில்லிலீற்றர் ஹாட்னர் போதும். ஒரு தடவையில் 1 கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். இருபது நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கும். நிழலில் வைத்துக் கலவுங்கள்.

கடையில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கோபோல்ற் முன்பே சேர்த்த றெசினா, சேர்க்காததா? சேர்க்காததென்றால் முதலில் கோபோல்ற்றை றெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பின்னரே ஹாட்னரை விட வேண்டும். கோபோல்ற்றும் ஹாட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டு போத்தலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

ஒட்டுதல்

1. பழைய பைபரை மினுக்கம் போகும்வரை கிறைண்டரால் உரசி, அசற்றோன் போட்டுத் துடையுங்கள். பெயின்றின் மேல் ஒட்டியது உரிந்துவரும்.

2. பலகையின் கீழ்ப்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் றெசினால் ஊறவிட்டு, கீழ்ப்பக்கத்தில் ஒரு அடுக்குப் பாய் ஒட்டிக் காயவையுங்கள். தண்ணீர் நுழைவது ஓரத்தால்தான்.

3. விளிம்பில் றெசின் புட்டி வைத்துப் பலகையை அமர்த்தி, துருப்பிடிக்காத திருகாணியால் இறுக்குங்கள். மூலைகளைப் புட்டியால் வளைவாக நிரப்புங்கள். பாய் கூர்மூலையில் படியாது.

4. மேலே இரண்டு அடுக்கு ஒட்டி, பக்கங்களில் நான்கு அங்குலம் ஏற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று நிற்கிறது. உருளையால் உருட்டி வெளியேற்றுங்கள்.

5. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது, நன்னீரில் கழுவிக் காயவைத்த மணலைச் சன்னமாகத் தூவுங்கள். தளம் வழுக்காது. செயற்கைக் காலோடு தொழிலுக்குப் போகிறவர்கள் எங்கள் கரைகளில் இருக்கிறார்கள். அவர்களின் படகில் இதைத் தவறவிடக்கூடாது.

ஒரு நாள் மிதிக்காதீர்கள். ஒரு கிழமை கழித்தே கடலுக்கு இறக்குங்கள்.

உங்கள் உடம்பு

கிறைண்டர் பிடிக்கும்போது கண்ணாடித்தூள் பறக்கும். கண்ணாடி, முகக்கவசம், நீளக்கைச் சட்டை கட்டாயம். றெசின் வேலை திறந்தவெளியில், பீடி சுருட்டு இல்லாமல். ஹாட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிஞ்சிய கலவை சூடேறும், அதை வாடிக்குள் வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

மேலே விரிப்பு வேண்டுமா?

வலை தேயாமல் இருக்கவும் முழங்கால் ஊன்றவும் விரிப்பு உதவும். ஆனால் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். தூக்கி எடுக்கக்கூடிய இறப்பர் விரிப்பைப் போட்டு, கரைக்கு வந்ததும் எடுத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

தொழிலுக்குப் போக முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கி, இயந்திரத்தின் நிறைக்குச் சமனான மணல் மூட்டையைப் பின்னால் கட்டி, படகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு மேலே தெரிய, இரண்டு பேர் பிடித்துத் தொங்கத் தாங்கினால் படகு கடலுக்குத் தயார். தாழ்ந்தால் அடியில் மிதப்புப் போதாது. அதைச் சரிசெய்யும்வரை இறக்காதீர்கள்.