எண்ணெய் உள்ளே போன கதை

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் ஒரு காலத்தில் பெட்ரோலோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் வரும்: “ஆயில் எவ்ளோ ஊத்தட்டும்?” லிட்டருக்கு 20 மில்லி. வண்டி பழசு என்றால் 40. சின்ன அளவு டம்ளரில் சாயம் ஏற்றிய டூ-டி ஆயிலை டாங்கில் ஊற்றிவிட்டு, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பள்ளிக்கூடம் போகிற பையனுக்குக்கூடத் தெரியும், ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடாது என்று. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்த பாடம் அது.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு வண்டி மை. வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவார்கள். காய்ந்துபோனால் சக்கரமே கத்தி ஊரைக் கூட்டிவிடும். இதைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். 1909-இல் லண்டனின் வேக்ஃபீல்ட் கம்பெனி தன் புது எஞ்சின் ஆயிலில் ஆமணக்கெண்ணெயைத்தான் சேர்த்தது. அதன் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து பிறந்ததே ‘காஸ்ட்ரால்’.

1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட், டூ-ஸ்ட்ரோக். இந்த மாவட்டத்தில் அந்தக் கதை இன்னொரு கதையோடு சேர்கிறது. 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தரும் வேலையாக அதை மாற்றினார். ஆயிரக்கணக்கான பெண்கள் வாடகை சைக்கிளில், பெரும்பாலும் ஆண்கள் சைக்கிளில், விழுந்து எழுந்து பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதித்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட்கள் ஒதுக்கிய செய்தியும் அவர் கட்டுரையில் உண்டு. சைக்கிள் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். எனக்கு அந்த 50 மொபெட்கள் மேல்தான் கண். சங்கிலிக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கைகள், பெட்ரோலுக்கு எண்ணெய் விடப் பழகியது அப்போதுதான்.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் பெட்ரோலோடு கலந்து அனுப்பினார்கள். அது போகிற வழியெல்லாம் உராயும் இடங்களை நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையாக வெளியே வரும். அந்தப் புகைதான் இந்த எஞ்சினுக்கு எமன். டெல்லியில் புகை தாங்க முடியாமல், 1998-இல் உச்ச நீதிமன்றம் பங்குகளில் டூ-டி ஆயிலைச் சில்லறையாக ஊற்றுவதை நிறுத்தி, அளவாகக் கலந்துதான் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இன்றைக்கும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பின்னால் போனவர்களின் நுரையீரலைக் கேட்டால் வேறு பதில் வரும்.

மாற்று ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, ஃபோர்-ஸ்ட்ரோக். இங்கே பெட்ரோலுக்கு வால்வு வழியாகத் தனிப்பாதை. ஆயில் அடியில் தேங்கி நின்று, திரும்பத் திரும்பச் சுற்றி வேலை செய்யும். பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அந்த வண்டியின் புகழ்பெற்ற விளம்பரத்தின் சாரம். மைலேஜைப் பற்றிச் சொன்னது அது. ஆனால் நம் ஜனங்கள் ‘மறந்துவிடு’ என்பதை ஆயிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். 2015-இல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வந்தபோது மொபெட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. பங்கில் அந்த இரண்டாவது கேள்வியும் மெதுவாக நின்றுபோனது.

ஆலங்குடிப் பக்கம் இருக்கும் என் அத்தை, அறிவொளிக் காலத்தில் சைக்கிள் பழகியவர். பிறகு மொபெட், இப்போது ஸ்கூட்டர். விடியற்காலையில் மல்லிகை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போவார். ஒருநாள் வழியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. “ஆயில் சொட்டுகூட இல்லக்கா” என்றார் மெக்கானிக். “பெட்ரோல் போட்டுட்டுத்தானே தம்பி வந்தேன்?” என்று அத்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருஷமாக இரண்டும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. போரிங் வேலை முடிந்து வண்டி வருவதற்குள் பூ சீசனில் பாதி போய்விட்டது. செடியிலிருந்து பறித்த மல்லிகை மெக்கானிக்குக்காகக் காத்திருக்காது.

சரி, எந்த ஆயில்? இங்கேதான் கார்க்காரர்களின் வரலாறு நம் வழியில் குறுக்கிடுகிறது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் அமெரிக்கா கார் மைலேஜுக்குச் சட்டம் போட்டது. ஆயில் கம்பெனிகள் ஆயிலின் பிசுக்கைக் குறைத்தார்கள், உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்த்தார்கள். காருக்கு அது நல்லது. பெரும்பாலான பைக்குகளிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுகளுக்கு உராய்வுதான் உயிர். வழுக்கல் அதிகமான ஆயில் ஊற்றினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கியர் பற்கள் வேறு ஆயிலின் நீள மூலக்கூறுகளை நறுக்கி நீர்த்துப்போக வைக்கும். அதனால் ஜப்பானியர்கள் 1998-இல் பைக்குக்கென்றே ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள வண்டிக்கு எம்ஏ. அப்படிக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. 2006-இல் எம்ஏ, எம்ஏ1 என்றும் எம்ஏ2 என்றும் பிரிந்தது.

டப்பாவின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பதெல்லாம் பிசுக்கின் அளவு. டபிள்யூ என்றால் குளிர்காலம். புதுக்கோட்டையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் எண் சின்னதாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே சீக்கிரம் ஏறும். இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் இருக்கும் கெட்டிக்கு. வெயில் ஊர் என்று நாமாகக் கெட்டி ஆயிலுக்குத் தாவ வேண்டியதில்லை. கையேட்டில் போட்டிருப்பதே போதும்.

ஆனால் எம்ஏ, எம்பி என்ற எழுத்துகள் நான் வாங்கிய டப்பாக்களில் பின்பக்கம்தான் இருந்தன. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அறிவொளியில் தமிழ் படித்த அத்தைக்கு அது எழுத்தே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பைக் படத்தைப் பார்த்துத்தான் அவர் வாங்க முடியும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது அத்தை வீட்டு வாசலில் நாங்களே மாற்றுகிறோம். வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடி போல்ட்டைக் கழற்றி, பழசை முழுக்க வடியவிட வேண்டும். போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதுசு. பல 100, 110 சிசி வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். டப்பா மிச்சமாகிறதே என்று முழுவதையும் கவிழ்க்கக் கூடாது. ஊற்றியபின் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

வடிந்த ஆயில் கறுப்பாக இருப்பதைக் காட்டி, “பாத்தீங்களா, செத்துப்போச்சு” என்று சில கடைகளில் பயமுறுத்துவார்கள். கரியைத் தன்னிடம் பிடித்து வைப்பதும் ஆயிலின் வேலைதான், கறுப்பானால் அது வேலை செய்திருக்கிறது. கிலோமீட்டர் கணக்கே பேச வேண்டும். எங்கள் செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டரையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது.

பழைய ஆயிலை வேலிக்காலில் தடவக் கேட்டு யாராவது வருவார்கள், கரையானுக்கு என்று. அத்தை கொடுப்பதில்லை. மண்ணில் இறங்கினால் கிணற்றுக்குப் போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கிறவர் வரும்வரை மாட்டுக்கொட்டகை மூலையில் வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டையால் எழுதிய ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது, அடுத்த முறை ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர்.